அம்மா ஓம் சொல்லவில்லை

என் அம்மா தலையாட்டினால் அதற்கு ஓம் என்று அர்த்தமில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இது தெரியாத ஒரு மனிதர் இரண்டு தரம் அம்மாவின் தலையாட்டலைத் தன் வசதிக்கு எடுத்துக்கொண்டார். முதல் தரம் அம்மாவின் காதை எடுத்தார். மற்றத் தரம் அம்மாவின் மன்னிப்பை எடுத்தார். காதையாவது ஒருநாள் நான் விட்டுக்கொடுத்திருப்பேன். மன்னிப்பை விடவில்லை.

அம்மாவுக்குக் குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் வந்து காது போனது. பேச்சும் வரவில்லை. பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அப்பா பூநகரிக் களப்பில் நண்டு வலை போடுகிறவர். எங்கே கையெழுத்துக் கேட்டாலும் பெருவிரலை நீட்டுவார். எங்கள் இரண்டு பக்கச் சொந்தத்திலும் எழுதப் படித்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

அம்மாவோடு பேச எங்கள் வீட்டில் ஒரு கைக்கதை இருந்தது. யாரும் சொல்லித்தந்ததல்ல, சமைத்தும் சண்டை பிடித்தும் தானாக வந்தது. உள்ளங்கையால் நெஞ்சில் இரண்டு தரம் தட்டினால் ஓம். புறங்கையை நாடியில், உதட்டுக்குக் கீழே, தேய்த்தால் இல்லை. தலையை மேலும் கீழும் ஆட்டினால், "சரி, சொல்லி முடி." ஊர்ச் சனம் முன்னால் நின்று வாயை அசைத்துக்கொண்டே இருக்கும்போது அம்மா தலையாட்டுவார். அவர்களும் திருப்தியாக முடித்துக்கொண்டு போவார்கள். அம்மாவுக்கு வேலை கிடக்கும்.

இடது காதில் ஒன்றுமே இல்லை. வலது காதில் மட்டும் ஏதோ ஒரு துளி மிச்சம் இருந்தது. நான் இரண்டு கையையும் குவித்து அந்தக் காதோடு வாயை வைத்து "அம்மா" என்று கத்தினால் கேட்கும். உடனே தோளை உயர்த்திக்கொண்டு சிரிப்பார். கூசுமாம். வேறு யாருடைய குரலும் அந்தக் காதுக்குள் போனதில்லை. அப்பாவின் குரல் தடித்தது, அது போகாது. கைக்கதையில் அப்பாவுக்குப் பெயர் மீசை. நாய்க்குப் பெயர் வால். எனக்கு அம்மா வைத்த பெயர், வலது காதின் அடியில் தொங்கும் சோணையை ஒரு விரலால் தொடுவது.

எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது சந்திக் கடைக்காரர் தன் மனைவியிடம் சொன்னார்: "ஊமைச்சி வாறாள். அந்தப் புழுத்த அரிசியைக் குடுத்து விடு. வாய் திறந்து சொல்லவா போறாள்?"

அம்மா வழக்கம்போலத் தலையாட்டினார். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெலத்த குரலில் சொன்னேன்: "அண்ணை, அம்மா சொல்லுறா, உங்கட தராசும் ஊமைதானாம். அதுவும் ஒருநாளும் உண்மையான நிறையைச் சொல்லாதாம்."

நின்றவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். நல்ல அரிசி வந்தது. அம்மா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளராக நான் செய்த முதல் வேலை அதுதான். அது பொய். அதற்காக இன்றுவரை வெட்கப்பட்டதில்லை.

எனக்குப் பத்து வயதாகும்போது அம்மாவின் வலது காதால் சீழ் வரத் தொடங்கியது. அழுகிய மணம் மணத்தது. தலையிடியில் சுவரோடு நெற்றியை வைத்துக்கொண்டு இருப்பார். அப்பா தொழிலை விட முடியாது என்றார். அதனால் அம்மாவின் வாயாக நான் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். காது, மூக்கு, தொண்டைக்கு ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் குடாநாட்டிலிருந்து இரண்டு வருட மாற்றத்தில் அங்கே வந்திருந்தார். முன்மயிர் அப்போதே நரைத்திருந்தது. கெட்ட மனிதர் மாதிரித் தெரியவில்லை. அம்மாவின் கட்டிலில் இருந்து, காதுக்குள் வெளிச்சம் அடித்து நெடுநேரம் பார்த்தார்.

அவர் விளங்கப்படுத்தத் தொடங்கியபோது தாதி என் தோளில் கை வைத்தார். "சின்னப் பிள்ளையள் விடுதிக்குள்ள நிக்கக் கூடாது. வெளியில போம்மா."

"நான் போனா அம்மாவுக்கு விளங்காது, மிஸ்ஸி."

"டொக்டர் விளங்கப்படுத்துவார்."

"டொக்டருக்குக் கைக்கதை தெரியாது."

"வாய் நீளம் உனக்கு. போ, போ."

நான் வெளியே போய் யன்னல் கம்பிவலையால் பார்த்தேன். அவர் தன் காதைத் தொட்டார். ஏதோ சொன்னார். அம்மா தலையாட்டினார். அவர் இன்னும் சொன்னார். அம்மா இன்னும் ஆட்டினார். அவர் நல்ல மனிதர், அவசரப்படவில்லை, எல்லா ஆபத்தையும் ஒன்றொன்றாகச் சொல்லியிருப்பார். ஒவ்வொன்றுக்கும் அம்மா "சரி, சொல்லி முடி" என்றார். நான் கம்பிவலையில் அடித்துக் கத்தினேன். தாதி கதவைச் சாத்தினார். கடைசியாக மைப்பெட்டி வந்தது. அம்மாவின் பெருவிரலைப் பிடித்து ஒரு தாளில் அழுத்தினார்கள்.

தலைக்கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்த அன்று அம்மா கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் போய், கையைக் குவித்து, காதோடு வாயை வைத்து "அம்மா" என்றேன். தோள் உயரவில்லை. திரும்பவும் கத்தினேன். அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து என்னை முன்னால் இருத்தி, தலையைச் சரித்து, காதை என் வாயோடு வைத்தார். கத்து என்று காட்டினார். கத்தினேன். இன்னும் என்றார். என் தொண்டை அடைத்துக் காற்று மட்டும் வரும்வரை கத்தினேன். பிறகு அம்மா தலையாட்டினார். சரி, முடி.

அப்பா சொன்னார்: "உயிரோட இருக்கிறாதானே. விடு, பிள்ளை."

நான் விடவில்லை.

இரண்டு வருடத்துக்கு வந்த அந்த வைத்தியர் வன்னியிலேயே தங்கிவிட்டார். அவருடைய வாழ்க்கையை நான் அறிந்து வைத்திருக்கும் அளவுக்கு அவருடைய சொந்தக்காரருக்கும் தெரிந்திருக்காது. பகை வைத்தவளுக்கு ஞாபகம் அதிகம். விசுவமடுவில் பள்ளிக்கூட மண்டபத்தில் கிளினிக் நடத்தினார் என்றால் அன்று எத்தனை மணிக்கு வந்தார் என்றுகூட யாரிடமாவது கேட்பேன். பிள்ளைகளின் காதுக்குள்ளிருந்து பயற்றங்கொட்டை, பாசிமணி எல்லாம் எடுத்தார். காது கேளாத பிள்ளையைக் கண்டால் அதன் வீட்டுக்கே போவார். பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாத தகப்பன்மாரோடு முற்றத்தில் நின்று சண்டை பிடிப்பார். சைகை மொழியை அவர் படித்தது நெளுக்குளத்தில் ஒரு தையல் கடையில். அங்கே வேலை செய்த செவிப்புலன் அற்ற இரண்டு பெடியள்தான் அவருக்கு ஆசிரியர்கள். அதனால் முதல் மாதம் முழுக்க அவருக்குச் சட்டைக் கை, கொலர், இடுப்பளவு மட்டும்தான் சொல்லத் தெரியும் என்றும், நோயாளி ஒருவரிடம் "எங்கே நோகுது?" என்று கேட்பதாக நினைத்து "எத்தனை பொத்தான்?" என்று கேட்டார் என்றும் சொல்லிச் சனம் சிரித்தது. அன்பான சிரிப்பு. எனக்கு அதுவும் எரிந்தது.

காது கேளாத ஒருவரை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் விசாரிக்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் போய் நின்றவரும் அவர்தான். அவருடைய நோயாளர் விடுதிச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வரி ஒட்டியிருந்தது: தலையாட்டினால் விளங்கியது என்று அர்த்தமில்லை. தலையாட்டிப் பதில் சொல்லக்கூடிய எந்தக் கேள்வியையும் நோயாளியிடம் கேட்கக் கூடாது என்பது அங்கே சட்டம். "விளங்கினதோ?" என்று கேட்ட தாதிக்கு ஏச்சு விழும். "நாளைக்கு உங்களுக்கு என்ன செய்யப்போறம், எனக்குச் சொல்லுங்கோ" என்று கேட்க வேண்டும். நோயாளி கையாலோ, படம் கீறியோ, கல்லை அடுக்கியோ திருப்பிச் சொல்லிக் காட்டினால்தான் சத்திரசிகிச்சை. தாதிமார் அதை "ஐயாவின்ர சோதினை" என்றார்கள்.

நான் உயர்தரப் பரீட்சை முடித்து, சைகை மொழி படித்து, அரச அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளரானேன். சேர்ந்த முதல் கிழமை ஒரு பழைய கோப்பைப் புரட்டியபோது தெரிந்தது, அந்தப் பதவியே அவர் திரும்பத் திரும்ப எழுதிய கடிதங்களால் உருவானது என்று. கடிதங்களில் நல்ல தமிழ். கோப்பை மூடி வைத்துவிட்டு அழாமல் இருந்தேன். என் கதிரை அவர் போட்டதாக இருக்கலாம். அதில் நான் இருப்பது என் படிப்பால்.

அம்மாவின் நோயேட்டின் பிரதியையும் கேட்டு எடுத்தேன். விடயம் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு, "எலும்பை அரிச்சிருக்கு. செய்யாம விட்டிருந்தா மூளைக்குப் போயிருக்கும். உங்கட அம்மா இண்டைக்கு இருந்திருக்க மாட்டா" என்றார். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், உண்மை என்பதால். வைத்தியர் வெட்டியது பிழையில்லை. கேட்டிருந்தால், நான் கைக்கதையில் சொல்லியிருந்தால், அம்மா யோசித்து நெஞ்சைத் தட்டியிருப்பார். அதற்கு முதல் ஒரு நாளாவது தவணை கேட்டிருப்பார். அந்த ஒரு நாள் முழுக்க நான் அந்தக் காதுக்குள் கதைத்திருப்பேன்.

பிறகு கிளிநொச்சியில் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. அந்த வைத்தியர் பேச வந்தார். அவருடைய தலையாட்டல் சட்டம் எப்படி வந்தது என்று யாரோ கேட்டார்கள்.

"ஒரு அம்மா. இஞ்ச வந்த புதுசு. ஒப்பறேசனுக்கு முதல் எல்லாத்தையும் சொன்னனான், அவா தலையாட்டினவா. செய்து முடிச்ச பிறகுதான் தெரிஞ்சது, அவவுக்கு ஒண்டுமே விளங்கேல்லை எண்டு. மிச்சமிருந்த காதுக் கேள்வியும் போயிட்டுது. பிறகு கிளினிக்குக்கு வந்த நாள் அவவின்ர ரெண்டு கையையும் பிடிச்சு மன்னிப்புக் கேட்டனான். அழுதுட்டன். அவா என்ர முகத்தைப் பாத்து, மெல்லமாத் தலையாட்டினவா. அந்த மன்னிப்போடதான் நான் இவ்வளவு காலமும் ஓடுறன்."

எனக்குப் பக்கத்தில் இருந்தவள் மூக்கை உறிஞ்சினாள். தேநீர் இடைவேளையில் நான் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டேன். பசியில்லை. பல்லுக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. உலகத்துக்கெல்லாம் தலையாட்டலை நம்பாதே என்று சுவரில் ஒட்டி வைத்த மனிதர், தனக்கு வேண்டிய ஒரு தலையாட்டலை மட்டும் நம்பிக்கொண்டார்.

அந்தக் கிளினிக் நாளில் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். என்ன நடந்தது என்று அம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அம்மா கையை விசுக்கி, அதெல்லாம் போகட்டும் என்றுவிட்டால் என் கோபத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? அவரைப் பற்றி நாலு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். நான் எழுதியதில் அதுதான் திறமானது. அவரை மேடையில் வைத்துக்கொண்டு வாசிக்கும் ஒரு நாளுக்காக அதைக் கைப்பையில் காவித் திரிந்தேன்.

அந்த நாள் அவருடைய ஓய்வு விழாவாக வந்தது. மண்டபம் நிறையச் சனம். முன் வரிசைகளில் காது கேளாதவர்கள். மேடையோரத்தில் நின்று மொழிபெயர்க்க என்னையே கூப்பிட்டிருந்தார்கள். அவரிடம் வைத்தியம் செய்துகொண்டவர்கள் மாலை போட வரலாம் என்று பட்டியல் எடுத்தபோது அம்மாவின் பெயரை நான் எழுதினேன். விழாவுக்கு வரும்படி அம்மாவிடம் சொன்னேன், யாருக்கு என்று சொல்லவில்லை. அம்மா நீலச் சேலை கட்டி இரண்டாம் வரிசையில் இருந்தார்.

வைத்தியர் பேச எழுந்தார். நான் நினைத்தபடியே அதே கதைக்கு வந்தார். ஒரு அம்மா, தலையாட்டல், காது. நான் முதலில் சைகை மொழியில் சொன்னேன், பிறகு அதையே அம்மாவுக்காக வீட்டுக் கைக்கதையில் சொன்னேன். அம்மாவின் முகம் மாறியது. "அவா மன்னிச்சுத் தலையாட்டினவா. இப்ப எங்க இருக்கிறாவோ தெரியாது" என்றார் அவர். அதையும் சொன்னேன். மன்னிப்புக்கு எங்கள் கைக்கதையில் சொல் இல்லை. "நீ செய்தது போகட்டும், இனிக் கணக்கில்லை என்று அந்தப் பெண் சொன்னாளாம்" என்று காட்டினேன்.

கைப்பையைத் திறந்து என் நாலு பக்கத்தையும் எடுத்தேன். அதற்குள் அம்மா எழும்பிவிட்டார்.

நேரே மேடைக்கு ஏறி வந்தார். வந்து முதலில் என்னிடம்தான் கேட்டார், மண்டபம் முழுக்கப் பார்க்கக் கைகளை வீசி: "இது உனக்கு எப்ப தெரியும்? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

நான் நாலு பக்கத்தையும் மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். அம்மா வைத்தியரின் பக்கம் திரும்பினார். அவர் அம்மாவின் வலது காதுக்குப் பின்னால் இருந்த தழும்பைப் பார்த்தார். தன் கைவேலையை அடையாளம் கண்டார். அவர் கையிலிருந்த ஒலிவாங்கியை நான் வாங்கினேன். அம்மாவின் கைகள் சொல்லச் சொல்ல நான் சொன்னேன்.

"அம்மா கேக்கிறா, நான் எப்ப அப்பிடிச் சொன்னனான் எண்டு."

"நீங்கள்... அண்டைக்கு, என்ர முகத்தைப் பாத்துத் தலையாட்டினீங்கள், அம்மா."

நான் அதைக் கைக்கதையில் சொன்னேன். அம்மா ஞாபகப்படுத்திப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது.

"அம்மா சொல்லுறா, ஓ, அழுத டொக்டரோ எண்டு. நீங்கள் ரெண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு விடேல்லையாம். பூநகரிக்கு இருந்ததே பின்னேரம் ஒரு பஸ்தானாம். அது வெளிக்கிடப் போகுதாம். கையை விடுவிக்கத்தான் தலையாட்டினவாவாம்."

மண்டபம் சிரித்தது. பூநகரி பஸ்ஸுக்கு ஒருநாளாவது நின்று பார்த்தவர்கள் எல்லாரும் இன்னும் பெலத்துச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கடைக்காரரின் தராசுக்குப் பிறகு இவ்வளவு இனிப்பாக எதையும் நான் மொழிபெயர்த்ததில்லை. இந்த முறை ஒரு சொல்லும் கூட்டவில்லை.

அவர் ஒலிவாங்கி இல்லாமல் கேட்டார்: "அப்ப நான் என்ன செய்ய வேணும் எண்டு அவவிட்டைக் கேளுங்கோ, மகள்."

அதையும் அம்மாவுக்குக் காட்டினேன். அம்மா தன் வலது காதுச் சோணையைத் தொட்டார்.

"அது என்ர பேர்," என்றேன். "அம்மா சொல்லுறா, நான் சின்னனா இருக்கேக்கை என்ர குரல் எப்பிடி எண்டு தனக்குத் தெரியுமாம். வளந்த பிறகு எப்பிடி எண்டு தெரியாதாம். அந்தக் காதை எடுத்தது நீங்கள். அதால இப்ப எப்பிடி எண்டு நீங்களே சொல்லட்டாம். வாயால இல்லை, கையால."

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். உதவி செய்ய மாட்டேன் என்று அவருக்கு விளங்கியது.

அவர் கையை உயரத் தூக்கினார். உயர்ந்த குரல் என்று சொல்ல நினைத்திருப்பார். அம்மா சுட்டுவிரலைச் சுழற்றினார்: திருப்பிச் சொல். அவர் மணி அடிப்பது போலக் காட்டினார். அம்மா மணி ஓசையைக் கேட்டதே இல்லை. மணி அடிக்கிறவரின் கையைத்தான் கண்டிருக்கிறார். என்னையும் மணிக்கயிறு இழுப்பதையும் சேர்த்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். திருப்பிச் சொல். மண்டபத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினைந்து வருடத்துக்கு மேல் காத்திருந்தவளுக்கு இரண்டு நிமிடம் பெரிதல்ல.

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏதாவது கதையுங்கோ, மகள். எனக்குச் சரியாக் கேக்க வேணும்."

"என்ன கதைக்கிறது? அண்டைக்கு என்னை வெளியில விட்டாப்போல யன்னலால கத்தினதையே? அதையோ திருப்பிக் கத்திக் காட்டிறது?"

அவர் தலையைச் சரித்துக் கேட்டார். காது வைத்தியர்கள் அப்படித்தான் கேட்பார்கள் போலிருக்கிறது, சொல்லை விட்டு ஓசையை மட்டும். பிறகு அம்மாவின் முன்னால் போய்க் குனிந்தார். தையல் கடைச் சைகை ஒன்றும் இல்லை. ஒரு கையைப் பானையாகக் குவித்தார். மற்றக் கையை அதன் மேல் மூடியாக வைத்தார். மூடி துள்ளியது. இறுக்கி அமத்தினார், அதையும் மீறித் துள்ளியது. உலை கொதிக்கிற பானை.

அம்மா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தோளை உயர்த்திச் சிரித்தார், முன்பு கூசும்போது சிரிப்பது மாதிரி. பிறகு உள்ளங்கையால் நெஞ்சில் இரண்டு தரம் தட்டினார்.

அந்தத் தட்டலை அவர் முன்பு கண்டதில்லை. "அது என்ன, மகள்?" என்றார். கண் நிரம்பியிருந்தது. "மன்னிப்போ?"

"என்னட்டைக் கேக்காதேங்கோ, ஐயா. அவவிட்டையே கேளுங்கோ. தலையாட்டிப் பதில் சொல்ல ஏலாத மாதிரிக் கேளுங்கோ."

அவர் அம்மாவின் பக்கம் திரும்பிக் கைகளைத் தூக்கினார். கேள்வி வரவில்லை. கைகள் அப்படியே நின்றன. அம்மா சுவர் மணிக்கூட்டைக் காட்டினார். பூநகரி பஸ்ஸுக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. நான் ஒலிவாங்கியை மேசையில் வைத்துவிட்டு அம்மாவோடு படியால் இறங்கினேன். வாசலில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் கைகளைக் கீழே விடவில்லை.

பஸ்ஸில் அம்மா யன்னல் பக்கம் இருந்தார். நான் நாலு பக்கத்தையும் எடுத்து, அவரைப் பற்றி எழுதியிருந்ததை எல்லாம் கைக்கதையில் சொல்லத் தொடங்கினேன். இரண்டாம் பக்கத்தில் அம்மா தலையாட்டினார்.